நாலுக்கு மூணு

"நாலுக்கு மூணா, ஆறுக்கு நாலாக்கா?"
ஃபிளெக்ஸ் கடைப் பையன் நிமிராமல் கேட்கிறான்.
சின்னதே போதும்.
"தோற்றம் என்ன தேதி?"

ஆதாரில் ஒன்று ஒன்று முப்பத்து நாலு.
அது யாரோ ஒரு குமாஸ்தா வைத்த தேதி.
அப்பா பிறந்தது வழியில்.
பலமநேர்ப் பக்கம் மூன்று வருஷம் மழை பொய்த்து,
இரண்டு மாடு, ஒரு கலப்பை, அரை மூட்டைக் கேழ்வரகு,
நிறைமாதம் ஒருத்தி.
குப்பம் தாண்டி எங்கேயோ வண்டி நின்றிருக்கிறது.
என்ன கிழமை என்று கேட்டால்
இரண்டு பேர் இரண்டு சொல்வார்கள்.
ஒன்று ஒன்றே போடு என்றேன்.

"பேரு?"
முனிவெங்கடப்பா.
முனி வெங்கட்டப்பன் என்று அடிக்கிறான்.
ராயக்கோட்டையில் அதைச் சரியாக எழுதியவர் யாருமில்லை.
ரசீதுப் புத்தகத்தில் அவரே மூன்று விதமாக எழுதியிருக்கிறார்.
ஊருக்கு அவர் காயில்காரர்.

"விவசாயின்னு போடவா? எல்லாரும் போடுறாங்க."
வேண்டாம்.
குத்தகைக்குப் பிடித்த மூன்று ஏக்கர் கல்லை
அவருடைய நாயனா தக்காளிக் கொல்லை ஆக்கினார்.
மகனுக்கு மாடு படியவில்லை.
பதினேழு வயதில்,
ஏர் பூட்டச் சொன்ன ஒரு காலையில்
பெங்களூர் பஸ் ஏறிவிட்டார்.
கலாசிப்பாளையத்தில் ஒரு மராட்டியர் பட்டறையில்
எரிந்த மோட்டாரின் குடலை உருவக் கற்றுக்கொண்டு
திரும்பி வந்து சந்தைக்கு எதிரே கடை போட்டார்.
நாயனா பேச்சை நிறுத்தினார்.
நான்கு வருஷம்.

பிறகு நாயனாவின் கிணற்று மோட்டார் புகைந்தது.
வண்டியில் போட்டுக் கொண்டுவந்து
மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார்.
இருவரும் தெலுங்கில் ஒரு சொல் பேசவில்லை.
மோட்டாரைப் பற்றித் தமிழில் பேசினார்கள்.
அப்பா காசு வாங்கினார், மீதிச் சில்லறை கொடுத்தார்,
ரசீது கிழித்துத் தந்தார்.
நாயனா செத்த வருஷம்
பட்டாவைத் தேடியபோது
அதன் மடிப்புக்குள் இருந்தது அந்த ரசீது.

நாற்பதடிக் கிணறு.
அப்புறம் முந்நூறடி போர்.
அப்புறம் ஆயிரத்து நூறு.
குண்டாக இருந்த மோட்டார்
குழாய்க்குள் நுழைய மெலிந்து நீண்டது.
ஒருநாள் வார்னிஷ் காயக் காத்திருக்கும்போது சொன்னார்:
"தண்ணி ஓடுது. நான் சுத்துற கம்பி அதைத் துரத்துது.
இதுல எனக்கும் பங்கு இருக்கு."
மறுநாளும் கடையைத் திறந்தார்.
என் கல்லூரிக் கட்டணம்
எரிந்த தாமிரம், கிலோக் கணக்கில்.

வாடிக்கையாளரோடு தமிழ்,
லாரிக்காரரோடு கன்னடம்.
சுற்று எண்ணும்போது மட்டும்
ஒகட்டி, ரெண்டு, மூடு.
நடுவில் யாராவது கூப்பிட்டால்
வாயில் வரும் கெட்ட வார்த்தையும் தெலுங்குதான்.
அதன் பிறகு மறுபடி ஒகட்டியிலிருந்து.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில்
போர்வையின் ஓரத்து நூலை உருவி
விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.
நலபை ஒகட்டி என்றார்.
அந்த மோட்டாருக்கு நாற்பத்திரண்டு வேண்டும்.
நர்ஸ் ஊசியோடு வந்து "தாத்தா, கையக் காட்டுங்க" என்றாள்.
கணக்குத் தவறியது.
திட்டினார், நன்றாகவே திட்டினார்.
ஒகட்டி.
ரெண்டு.

"கீழே ஒரு வரி இடமிருக்குக்கா.
கண்ணீருடன் குடும்பத்தார்னு போட்டுடவா?"
கடை வியாழக்கிழமை திறக்கும் என்று போடு.
சுற்றக் கொடுத்த மோட்டார் ஏழு இருக்கிறது,
ரசீதோடு வரவும்.
"யாருக்கா சுத்துறது?"
அப்போதுதான் நிமிர்ந்தான்.
என் நகங்களில் வார்னிஷ் இருந்தது,
பார்த்திருப்பான்.

இருநூற்று எழுபது ரூபாய்.
ரசீது கேட்டு வாங்கிக்கொண்டேன்.